முத்திரை இல்லாத சீஸ் வேண்டும்

டாக்டர் ஒட்டசீலியோ கதவைச் சாத்திவிட்டுப் பேச ஆரம்பித்தால் அது நல்லதுக்கு இருக்காது என்று ஜசீராவுக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை அவர் கதவோடு நிற்காமல் ஜன்னலையும் சாத்தினார். போதாதென்று மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டார், அது போடுகிற கடகடச் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது என்பதற்காக.

"உட்காரும்மா," என்றார்.

அவர் டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவரும் இல்லை. அவர்கள் ஊரான போர்ட்டோ க்லாரோவில் சட்டம் படித்து, டை கட்டி, பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டவர்கள் எல்லோரும் டாக்டர்தான். நகராட்சியின் உணவுச் சுகாதாரப் பிரிவுக்கு அவர் தலைவர். ஊரில் விற்கிற இறைச்சி, மீன், ரொட்டி, ஐஸ்கிரீம் எல்லாம் அவருடைய பிரிவின் கண்ணைத் தாண்டித்தான் ஊர்க்காரர்களின் வாய்க்குப் போகலாம். அந்தக் கண்களில் ஒன்று ஜசீரா. இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருக்கிற கண்.

"திங்கக்கிழமை உன் விஷயம் கமிட்டிக்கு வருது, தெரியும்ல?"

தெரியாமல் என்ன? மேயரின் காரியதரிசி, கணக்கு அதிகாரி, டாக்டர் மூவரும் உட்காருவார்கள். டாக்டர் "தகுதி" என்றால் வேலை நிரந்தரம், யாராலும் அசைக்க முடியாது. "தகுதியில்லை" என்றால் அவள் பழையபடி சூப்பர்மார்க்கெட் கல்லாவில் நிற்க வேண்டும். அந்த ஒரே சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான் போன மாதம் அவள் கெட்டுப்போன கோழிக்காக அபராதம் போட்டிருந்தாள். முதலாளி அவளை எப்படி வரவேற்பார் என்று நினைத்து நினைத்தே ஜசீரா இரண்டு சுற்று இளைத்திருந்தாள்.

"நம்ம சபையைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பே."

கேள்விப்படாதவர்கள் ஊரில் இல்லை. 'விலக்கப்பட்ட சீஸின் வீரர்கள்' என்று அதற்குப் பெயர். சபைத் தலைவர் டாக்டரேதான். நோட்டரி, ஓய்வுபெற்ற நீதிபதி, பல் வைத்தியர், சவ அடக்கக் கம்பெனி முதலாளி என்று ஊரின் கனவான்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொளுத்துகிற வெயிலில், கருஞ்சிவப்பு வெல்வெட் அங்கியும் கழுத்தில் பதக்கமும் அணிந்து கூடுவார்கள். பக்கத்து மாநிலமான மினாஸிலிருந்து கள்ளத்தனமாக வந்த பச்சைப்பால் சீஸைத் தின்பார்கள். காய்ச்சாத பாலில் செய்த அந்தச் சீஸ் அரசு முத்திரை இல்லாமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அப்படித் தாண்டி வந்த சீஸைப் பறிமுதல் செய்து, அதை அழிக்க மேலே ப்ளீச்சிங் தண்ணீரை ஊற்றுவதும் டாக்டர்தான். ஊற்றும்போது பத்திரிகைக்குப் படம் பிடிக்க வசதியாகக் கொஞ்சம் திரும்பி நிற்பார்.

"இப்ப சீஸ் பண்ற எல்லாப் பயலும் முத்திரை வாங்கிட்டான்மா," என்றார் டாக்டர். குரலில் சாவு வீட்டுச் சோகம். "போன மாசம் தட்டுல வெச்ச சீஸை ஜட்ஜ் ஐயா திருப்பிப் பாக்கறார், அடியில முத்திரை! 'இதை சூப்பர்மார்க்கெட்லயே வாங்கித் தின்னுட்டுப் போயிருப்பேனே, இதுக்கு எதுக்குய்யா அங்கி?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"கஷ்டமா இருந்திருக்கும் டாக்டர்."

"உன் சொந்தக்காரங்க மினாஸ் பக்கம் கனாஸ்ட்ரா மலையிலதானே இருக்காங்க? நாலு சீஸ் வேணும். முத்திரை இல்லாதது. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு."

"டாக்டர், முத்திரை இல்லாததை எல்லை தாண்டிக் கொண்டுவர்றது…"

"சட்டவிரோதம்," என்றார் டாக்டர், ஜெபம் சொல்வதுபோலக் கண்ணை மூடி. பிறகு திறந்தார். "நீ பிடிபட்டா எனக்கு எதுவும் தெரியாது. வெறுங்கையோட வந்தா, திங்கக்கிழமை எனக்கு உன்னையே தெரியாது."

சனிக்கிழமை விடிந்ததும் ஜசீரா தன் பழைய காரில் மலையேறினாள். அனேசியோ சித்தப்பா வீட்டுச் சீஸ்தான் சிறு வயதிலிருந்து அவள் தின்று வளர்ந்தது. அப்போதெல்லாம் சித்தப்பாவின் சீஸ் அறைக்குக் கதவுகூடச் சரியாக மூடாது. கோழி உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இப்போது வாசலிலேயே கிருமிநாசினித் தொட்டி. சித்தப்பா தன் பெயரைப் பூவேலையில் தைத்த வெள்ளைக் கோட்டும், தலையில் வலைத்தொப்பியும் அணிந்து நின்றார். சுவரில் தொங்கிய படத்தில் ஏதோ போட்டியில் வாங்கிய பதக்கத்தோடு அவர், அவர் பக்கத்தில் பசுமாடு. இருவரில் மாடுதான் இயல்பாக நின்றது.

"காலை நனைச்சுட்டு வா," என்றார், அணைத்துக்கொள்வதற்கு முன்பே.

அவள் காலை நனைத்தாள், தொப்பி போட்டாள், காப்பி குடித்தாள், விஷயத்தைச் சொன்னாள்.

சித்தப்பா நெஞ்சில் கைவைத்தார். "முத்திரை இல்லாமயா? ஏண்டி, என்னைப் பாத்தா திருடனாட்டம் தெரியுதா?"

"போன வருஷம் வரைக்கும் நீங்களே லாரியில வைக்கோலுக்கு அடியில…"

"போன வருஷம் போன வருஷத்தோட போச்சு! இந்த முத்திரைக்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? செவுத்துக்கு டைல்ஸ் போட்டேன். தண்ணிக்கு மருந்து போட்டேன். என் மாட்டுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையை என் பொண்டாட்டிக்குக்கூட எடுத்ததில்ல!"

"உண்மைதான்," என்றாள் சித்தி, சமையலறையிலிருந்து.

"கீழ ஒர்மிந்தா இன்னும் முத்திரை வாங்கல. அங்க போய்க் கேளு," என்றார் சித்தப்பா. முத்திரை வாங்காதவர்கள்மேல் அவர் குரலில் ஒரு ஜமீன்தாரின் இரக்கம் தெரிந்தது.

ஒர்மிந்தா வாசலுக்கு வந்தபோது அவள் முழங்கைவரை பால்தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பின்னால் ஜன்னல் வழியே பலகை நிறைய மஞ்சள் வட்டங்கள்.

"சீஸா?" என்றாள் ஒர்மிந்தா. "நாங்க சீஸே பண்றதில்லையே."

"அக்கா, பின்னாடி பலகையில தெரியுதே."

"அதுவா? அது… காயப்போட்ட பூசணிக்கா."

"எனக்கு நாலு போதும்கா. யாருக்கும் சொல்லமாட்டேன்."

"யாருக்கும் சொல்லமாட்டியா? நீதான்டி எல்லாருக்கும் சொல்றதுக்குச் சம்பளம் வாங்கறவ! சுகாதாரத்துக்காரி வந்து முத்திரை இல்லாத சீஸ் கேட்டா அது எலிப்பொறின்னு என் பேரனுக்குக்கூடத் தெரியும். போ, போ. அனேசியோ அண்ணன் அனுப்புனாரா? அவருக்குப் பதக்கம் வந்ததுலேருந்து இந்தப் புத்தி."

ஜசீரா அடுத்த பண்ணைக்குப் போவதற்குள் கைப்பேசிகளில் செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே வீட்டுக்காரர், மனைவி, மாமியார் மூவரும் தலையில் வலைத்தொப்பி மாட்டி வரிசையாக நின்றார்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் நாயின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தான் ஒருவன். அதற்கடுத்த பண்ணையில் கதவே திறக்கவில்லை, உள்ளேயிருந்து, "நாங்கல்லாம் ஊர்ல இல்ல!" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. கள்ளச் சீஸுக்குப் பேர்போன மலையில், கள்ளச் சீஸ் ஒன்றுக்காக ஜசீரா கெஞ்சிக்கொண்டு திரிந்தாள். மனித குலமே அவளைக் கண்டு சுத்தமாகிவிட்டிருந்தது.

வெயில் ஏறி, நாக்கு வறண்டு, சித்தப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். சித்தி முற்றத்தில் உட்கார்ந்து ஒரு சீஸை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சீஸின் தோல் சொரசொரப்பாகிவிட்டால் அப்படித்தான் மழமழப்பாக்குவார்கள், உதிர்கிற தூளில் உருண்டை பிடித்துச் சுடுவார்கள். சரக், சரக் என்று தோல் உதிர உதிர ஜசீரா அதையே பார்த்தாள். முத்திரை என்பது என்ன? எண் பொறித்த ஒரு சின்ன வில்லை. பால்சத்திலேயே செய்து, சீஸின் தோலோடு தோலாக ஒட்டிவிடுவது. தோல் உதிரும் என்றால் அதுவும் உதிரும்.

"சித்தி, அந்த அரத்தை எனக்குத் தர்றியா?"

"எதுக்குடி?"

"குதிகால் வெடிப்புக்கு."

"கருமம். எடுத்துக்க. திருப்பி மட்டும் கொண்டாந்துராதே."

முத்திரை போட்ட சீஸ் நாலு வாங்கினாள். சித்தப்பா பில் எழுதிக் கொடுத்தார், பதக்கத்தின் படம் அச்சடித்த பில். பிறகு கார் டிக்கியைத் திறந்தார், ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்தார், துணியில் சுற்றிய சீஸ்களை அந்தப் பள்ளத்தில் அடுக்கினார், மேலே ஸ்டெப்னியை வைத்து அழுத்தினார், அதன்மேல் கோழித்தீவன மூட்டையைப் போட்டார். ஜசீரா மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

"எல்லைப் பாலத்துல நிறுத்தினா வயித்து வலின்னு சொல்லு," என்றார் சித்தப்பா. "மூஞ்சியை அப்படியே வெச்சுக்க, பொருத்தமாத்தான் இருக்கு."

இருவருக்குமே எதுவும் தவறாகப் படவில்லை.

மாநில எல்லையில், ரியோ கிராந்தே ஆற்றுப் பாலத்தின் மினாஸ் முனையில் செக்போஸ்ட். ஓர் இளைஞன், புதிதாக இஸ்திரி போட்ட சீருடையில், கையைக் காட்டி நிறுத்தினான். நிறுத்தியதும் ஜசீராவுக்கு நிஜமாகவே வயிற்று வலி வந்துவிட்டது.

"டிக்கியைத் திறங்கம்மா. மூட்டையில என்ன?"

"கோழித்தீவனம்."

"கோழி எங்க?"

"கோழி… இனிமேதான் வாங்கணும்."

அவன் மூட்டையை இறக்கினான், ஸ்டெப்னியைத் தூக்கினான். துணியைப் பிரித்ததும் சீஸ் வாசனை பாலம்வரை போயிற்று. அவன் முகம் மலர்ந்தது. வேலையில் சேர்ந்து அவன் பிடிக்கிற முதல் சீஸாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திருப்பினான். நாலிலும் முத்திரை. பில்லைக் கேட்டான், கொடுத்தாள். முகம் வாடிவிட்டது.

"எல்லாம் சட்டப்படி இருக்கு."

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்குமா ஸ்டெப்னிக்கு அடியில?"

ஜசீரா ஸ்டெப்னியைப் பார்த்தாள். ஒளித்துவைக்க ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "பழக்கம் சார்," என்றாள் கடைசியில்.

"யாரு பழக்கம்?"

"எங்க மலைப் பழக்கம்."

அவன் கண் சுருங்கியது. "சட்டப்படி இருக்கறதை யாரும் ஒளிச்சு வெக்கமாட்டாங்க. அப்ப முத்திரை போலி." நகத்தால் வில்லையைச் சுரண்டிப் பார்த்தான். "எங்க வேலை பாக்கறீங்க?"

பொய் சொன்னால் அடையாள அட்டையைக் கேட்பான். உண்மையைச் சொன்னாள். அவன் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

"மேடம்… இது டெஸ்டா?"

ஜசீரா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அந்த மௌனத்தை அவன் மேலதிகாரியின் மௌனமாக எடுத்துக்கொண்டான்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்! ஸ்டெப்னிக்கு அடியில பாத்தேன்ல? விட்டேனா? ஆனா ஒண்ணு, இந்தச் சூட்டுல சீஸை டிக்கியில வெக்கக் கூடாது, விதி." நாலு சீஸையும் முன் சீட்டில் வைத்து சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டான். கைப்பேசியில் முத்திரை தெரியும்படி படம் எடுத்தான், நினைவுக்காக. "ரிப்போர்ட்ல என் பேரு நல்லபடியா வரட்டும் மேடம்."

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் திரையை இழுத்துவிட்டு அரத்தை எடுத்தாள். முதல் வில்லை உதிர்வதற்குள் அவள் கை இரண்டு முறை நின்றது. எல்லை தாண்டும்வரை சீஸில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் இதோ, இப்போது, அவள் வீட்டில், அவள் கையால் நடக்கிறது. தொத்திறைச்சிப் பொட்டலத்தில் தேதியைச் சுரண்டிய கசாப்புக்காரனை அவளே அழ அழ அபராதம் கட்டவைத்திருக்கிறாள். அவனாவது தேதியை மட்டும்தான் சுரண்டினான். இது அரசு முத்திரை. அதன் படம் ஓர் இளைஞனின் கைப்பேசியில் பத்திரமாக இருக்கிறது.

சரக், சரக்.

உதிர்ந்த வில்லைத் துண்டுகளில் எண்கள் அரைகுறையாகத் தெரிந்தன. குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பைக்காரன் பார்ப்பான். கழிவறையில் போட்டால் மிதக்கும். கடைசியில் ஒரு குவளை காப்பி போட்டு, நாலு முத்திரைகளையும் மென்று விழுங்கினாள். சுரண்டிய இடம் வெளுத்துத் தெரிந்ததால் மிஞ்சிய காப்பித்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவினாள்.

ஞாயிறு மதியம் டாக்டரின் தோட்டத்து மாமரத்தடியில் வீரர்கள் கூடினார்கள். அங்கிக்குள் வியர்வை ஓடி எல்லோருக்கும் காதோரம் மினுமினுத்தது. வறுத்த பன்றித்தோல் ஒரு மலை, கொய்யாப்பழ அல்வா ஒரு மலை, நடுவில் நாலு சீஸ். ஜசீராவுக்குப் பரிமாறுகிற வேலை.

"நண்பர்களே!" டாக்டர் கத்தியை வாள்போல உயர்த்தினார். "இன்று நாம் உண்ணப்போவது ஒரு குற்றம்!"

கைதட்டல். ஓய்வுபெற்ற நீதிபதி எர்மீனியோ ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

"காப்பித் தோட்டம்," என்றார் நீதிபதி. "மழைக்குப் பிந்தைய காப்பித் தோட்டம். அப்புறம் பழைய மரப்பலகை. அப்புறம்… அப்புறம்… கொஞ்சம் பயம்."

பயம் மட்டும் சரியாகச் சொன்னார் என்று ஜசீரா நினைத்தாள்.

"இதான்யா சீஸ்! முத்திரை போட்டா இந்த ருசி செத்துரும். அதிகாரியைப் பாத்ததும் கிருமி கூச்சப்பட்டு ஓடிருது. எனக்கு இன்னொரு துண்டு குடும்மா."

நோட்டரி கல்டீனோ பேசவே இல்லை. தின்றார். சீஸ் ஒரு கை, பன்றித்தோல் ஒரு கை என்று மாறி மாறித் தின்றார். நடுவில் ஒருமுறை, "குற்றம் இவ்வளவு ருசியா இருந்தா தண்டனை எப்படி இருக்குமோ!" என்று சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது. முகம் சீஸ் நிறத்துக்கு வந்தது. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்.

"தண்ணி கொண்டு போ," என்றார் டாக்டர் ஜசீராவிடம். அவர் முகத்திலும் லேசான வெளுப்பு.

கழிவறைக் கதவுக்கு வெளியே ஜசீரா குவளையோடு நின்றாள். நோட்டரிக்கு ஏதாவது ஆகிவிட்டால், 'இந்தச் சீஸை யார் கொண்டுவந்தது?' என்று முதலில் கேட்கப்போவது டாக்டராகத்தான் இருக்கும்.

"யாரு வெளியில?" முனகல்.

"ஜசீரா ஐயா. தண்ணி."

"தனியாவா இருக்கே?"

"தனியாத்தான்."

"கதவுகிட்ட வா." குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "பொண்ணே, சாகப்போற மனுஷன்கிட்ட பொய் சொல்லாதே. அந்த மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணியிருக்காங்களா, இல்லையா?"

ஜசீரா கணக்குப் போட்டாள். இல்லை என்றால் நோட்டரியைக் கொல்லப் பார்த்தவள். ஆமாம் என்றால் சபையை ஏமாற்றியவள், முத்திரையைச் சுரண்டியவள். இரண்டிலும் திங்கட்கிழமை முடிவு ஒன்றுதான். உள்ளேயிருந்து ஒரு நீண்ட முனகல் வந்தது. வயதான மனிதர். பயந்துபோயிருக்கிறார்.

"பண்ணியிருக்கு ஐயா. எல்லாச் சீஸ்லயும் முத்திரை இருந்துச்சு. நான்தான் சுரண்டினேன்."

உள்ளே ஒரு விசும்பல்.

"சத்தியமா?"

"எங்க சித்தப்பா மாடு. அதுக்குப் பதக்கம்கூட இருக்கு."

"அந்தோணியாரே, உமக்கு ஒரு மெழுகுவர்த்தி!" தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. நோட்டரியின் கன்னத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார், பதக்கத்தை நடுவில் நகர்த்தினார். "அந்தப் பன்றித்தோல்தான் சனியன். இந்தா பாரு, நீ சொன்னதை வெளியில சொன்னே, உன்னைத் தொலைச்சுருவேன்."

தோட்டத்துக்குப் போய் இரண்டு கைகளையும் விரித்தார். "நண்பர்களே! சட்டவிரோதம் தோத்துது, வயிறு ஜெயிச்சுது! வைங்கய்யா இன்னொரு துண்டு!" வீரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நீதிபதி அவரைக் கட்டிக்கொண்டார்.

ஜசீரா திரும்பினாள். நடைவழியின் கோடியில், கையில் சீஸ் கத்தியோடு, டாக்டர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. போதுமான நேரம் நின்றிருக்கிறார் என்பது மட்டும் அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"நாளைக்குப் பாப்போம்," என்றார்.

கமிட்டி அறையில் மின்விசிறி ஓடவில்லை. மேயரின் காரியதரிசி கொட்டாவியை விழுங்கினார். கணக்கு அதிகாரி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். எதிரே நாற்காலி நுனியில் ஜசீரா. சூப்பர்மார்க்கெட் முதலாளியிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை அவள் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

"சொல்லுங்க டாக்டர்," என்றார் காரியதரிசி. "தகுதியா, இல்லையா? இல்லைன்னா காரணம் சொல்லணும், அது விதி."

"இந்தப் பெண்," என்று டாக்டர் கம்பீரமாக ஆரம்பித்தார், "அரசு முத்திரை என்கிற புனிதமான…"

நிறுத்தினார்.

"முத்திரைக்கு என்ன டாக்டர்?"

டாக்டர் ஜசீராவைப் பார்த்தார். முத்திரையைச் சுரண்டினாள் என்றால், எதன் முத்திரை என்பார்கள். சீஸ் என்றால், யாருக்காக என்பார்கள். அதற்குப் பிறகு வருகிற எல்லாக் கேள்விகளும் கருஞ்சிவப்பு அங்கி போட்டிருந்தன. அவர் டையைத் தளர்த்தினார்.

"இவ நேர்மையைப் பத்தி எனக்கு ஒரு… ஒரு…"

"என்ன, குறையா?"

"இல்ல. கொஞ்சம் அதிகமாவே இருக்கு."

"அப்ப தகுதி," என்றார் காரியதரிசி. கணக்கு அதிகாரி வாயிலிருந்து மூடியை எடுத்தார். "ஆச்சு. அடுத்தவங்களைக் கூப்பிடுங்க."

நடைவழியில் டாக்டர் ஜசீராவின் பின்னாலேயே வந்தார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார்.

"அடுத்த மாசமும் அந்தச் சித்தப்பாகிட்டயே வாங்கும்மா. எங்களுக்கெல்லாம் வயசாகுது, ரத்தம் பாத்த மாடுன்னா ராத்திரி தூக்கம் வருது." குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆனா நல்லா ஆழமாச் சுரண்டு. ஓரத்துல ஒரு நம்பர் லேசாத் தெரிஞ்சுது. நல்லவேளை, அந்தத் துண்டை நானே தின்னுட்டேன்."

"சரி டாக்டர்," என்றாள் ஜசீரா.

வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி டாக்டரால் தன்னை எதுவும் செய்ய முடியாது, சரி என்பதற்குப் பதிலாக முடியாது என்றே சொல்லியிருக்கலாம் என்பது, படியிறங்கி, சாலையைக் கடந்து, தன் பழைய கார்வரை போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.